ஒரு வரியும் பல வீடுகளும்
(பொதுச் சமநிலைக் கணக்கு பற்றிய பாடம்)

2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசாங்கம் தனது வரவு செலவுத் திட்டத்தில், இறக்குமதியாகும் பஞ்சின் மீது சுங்க வரி விதித்தது. மேல்வரிகளும் சேர்ந்து அது நூற்றுக்கு 11 ஆயிற்று. 2022 ஏப்ரலில் அவ்வரி சில மாதங்களுக்கு விலக்கப்பட்டது. பின்னர் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் மறுபடியும் விலக்கப்பட்டு, அவ்விலக்கு அவ்வாண்டு டிசம்பர் இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. வரி வந்தால் பருத்தி விவசாயிக்கு ஆறுதல், நெசவாளருக்குக் கவலை. வரி போனால் ஆறுதலும் கவலையும் இடம் மாறுகின்றன. இவ்விருவருமே இவ்விதழின் வாசகர்கள்.

நாம் ஆய்வுக்காகச் செல்லும் ஊர்களில் இரு தரத்தாரையும் சந்திக்கிறோம். ஒரே வாரத்தில் ஒரு சங்கத்தார் ‘வரி வேண்டும்’ என்றும், மற்றொரு சங்கத்தார் ‘வரி கூடாது’ என்றும் தீர்மானம் நிறைவேற்றுவதைக் கண்டதுண்டு. எவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் பேரேட்டில் தம் பக்கத்தை மட்டும் பார்த்துப் பேசுகின்றனர். பேரேடு முழுவதையும் ஒருசேரப் பார்க்க வழியுண்டா? உண்டு. அதற்குப் பொருளியலார் இட்ட பெயர் ‘கணக்கிடத்தக்க பொதுச் சமநிலை மாதிரி’ என்பது. பெயர் நீளமானது, பொருள் நம் அங்கத்தினர்களுக்கு அந்நியமானதன்று.

விலையேற்றம் எங்கே போய்த் தங்குகிறது?

விளக்கத்தின் பொருட்டு, 100 ரூபாய் விலையுள்ள துணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் பஞ்சுக்கு 30 ரூபாய், நூற்புச் செலவு 20 ரூபாய், நெசவுக் கூலி 30 ரூபாய், சாயம், வண்டிக்கூலி, விற்பனை முதலிய இதர செலவுகள் 20 ரூபாய் என்று கொள்வோம். வரியினால் பஞ்சின் விலை நூற்றுக்குப் பத்து ஏறினால், பஞ்சுச் செலவு 33 ரூபாய் ஆகும். அந்த 3 ரூபாயைத் தருபவர் யார்?

துணி வாங்குவோர் தர இசைந்தால் விலை 103 ரூபாய் ஆகும். அவர்கள் மறுத்து, ஆலையும் கடையும் தம் பங்கை விட்டுக்கொடாவிடில், அது கூலியிலிருந்தே போக வேண்டும். 30 ரூபாய்க் கூலி 27 ரூபாய் ஆகும். பஞ்சில் நூற்றுக்குப் பத்து ஏற்றம், கூலியில் நூற்றுக்குப் பத்து இறக்கமாக முடிகிறது.

துணி 103 ரூபாய்க்கு விற்றாலும் கணக்கு முடிந்துவிடுவதில்லை. விலை நூற்றுக்கு ஒன்று ஏறினால் விற்பனை நூற்றுக்கு இரண்டு குறையுமென்று கொண்டால், 1000 துணி விற்ற இடத்தில் 940 விற்கும். அரை மட்டுமே குறையுமென்று கொண்டால் 985 விற்கும். விலை மாற்றத்திற்கேற்ப விற்பனை மாறும் இந்த அளவுக்கு ‘நெகிழ்ச்சி’ என்று பெயர். இந்த ஓர் எண்ணை மாற்றியதும் தறிகளின் வேலை எவ்வளவு மாறுகிறது என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் கொள்க. பின்னர் இது பயன்படும்.

துணி குறைந்தால் நூல் குறையும். நூல் குறைந்தால் பஞ்சின் தேவை குறையும். ஆகவே விவசாயி எதிர்பார்த்த பத்தும் அவர் கைக்கு வந்து சேராது. அதே வேளையில், அவருக்குக் கிடைத்த கூடுதல் வருவாயில் ஒரு பகுதி துணிக்கடைக்குத் திரும்பும். கூலி இழந்த நெசவாளர் வீட்டில் அரிசியும் பருப்பும் குறைவாக வாங்கப்படும். அரசாங்கம் பெற்ற வரிப்பணமும் எங்கேனும் செலவாகும். இவ்வாறு ஒன்று மற்றொன்றைத் தள்ள, முடிவில் எல்லாச் சந்தைகளிலும் விற்பனைக்கு வருவதும் வாங்கப்படுவதும் ஒத்துப்போகும் விலைகள் அமைகின்றன. அந்நிலையே பொதுச் சமநிலை. வரிக்கு முன்னிருந்த சமநிலையையும் பின்வரும் சமநிலையையும் கணக்கிட்டு ஒப்பிடுவதே இம்மாதிரியின் வேலை.

நாட்டின் பற்று வரவு

இதற்கு அடிப்படை, நாம் சங்கங்களில் எழுதும் இரட்டைப் பதிவுமுறையே. ஒருவர் செலவு மற்றொருவர் வரவு. இவ்விதியைக் கொண்டு ஒரு நாட்டின் தொழில்கள், குடும்பங்கள், அரசாங்கம், அயல்நாட்டு வாணிகம் ஆகிய அனைத்தையும் ஒரே கட்டத்தில் எழுதலாம். ஒவ்வொரு வரிசையிலும் வரவு, ஒவ்வொரு பத்தியிலும் செலவு. ஒரே பெயருக்குரிய வரிசையின் கூட்டுத்தொகையும் பத்தியின் கூட்டுத்தொகையும் சமமாக வேண்டும். இது சமூகக் கணக்கு அட்டவணை எனப்படும். எந்தத் தொழில் எந்தத் தொழிலிடம் எவ்வளவு வாங்குகிறது என்னும் அட்டவணையை வகுத்தவர் வாசிலி லியான்டிப். அதற்காக 1973-இல் நோபல் பரிசு பெற்றார். தேசியக் கணக்கு முறையை வளர்த்த ரிச்சர்டு ஸ்டோன் 1984-இல் அப்பரிசைப் பெற்றார்.

சந்தைகள் யாவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதைச் சமன்பாடுகளாக எழுதியவர் லியோன் வால்ரா, ஆண்டு 1874. அத்தகைய சமநிலை இருக்கக்கூடும் என்பதை 1954-இல் கென்னத் ஆரோவும் ஜெரார்டு டெப்ருவும் கணித முறையில் நிறுவினர். ஆயினும், இருக்கிறது என்று நிறுவுவது வேறு, எண்ணிக்கையில் காண்பது வேறு. 1960-இல் லெய்ப் யோஹான்சன் நார்வே நாட்டின் பல தொழில்களை ஒருங்கே சேர்த்து முதன்முதலாக அத்தகைய கணக்கை இட்டுக் காட்டினார். 1967-இல் ஹெர்பர்ட் ஸ்கார்ப் சமநிலை விலைகளைக் கணக்கிடும் பொதுவான வழியொன்றை வெளியிட்டார். அதன் பின்னர் கணிப்பொறியின் துணையால் இம்முறை உலகெங்கும் பரவியது.

ஆஸ்திரேலியாவின் அனுபவம்

நம் விஷயத்திற்கு மிக நெருங்கிய உதாரணம் ஆஸ்திரேலியா. அந்நாடு தன் துணி, ஆடை, மோட்டார் தொழில்களை உயர்ந்த இறக்குமதி வரியால் நெடுங்காலம் காத்து வந்தது. 1973-இல் அவ்வரிகள் யாவும் ஒரேயடியாக நான்கில் ஒரு பங்கு குறைக்கப்பட்டன. அதனால் விளைந்த வாதப் பிரதிவாதங்களுக்கிடையே, 1970-களின் பிற்பகுதியில் பீட்டர் டிக்சனும் அவர் குழுவினரும் நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்களைக் கொண்ட ‘ஓரானி’ என்னும் மாதிரியை உருவாக்கினர்.

அம்மாதிரி வெளிப்படுத்திய செய்தி யாது? இறக்குமதி வரி அயல்நாட்டார் மீது மட்டும் விழுவதில்லை. உள்நாட்டுக் கம்பளி, கோதுமை உற்பத்தியாளர் மீதும் விழுகிறது. வரியால் உள்நாட்டில் விலைவாசியும் கூலியும் ஏறுகின்றன. பண்ணையின் செலவு உயர்கிறது. ஆனால் கம்பளியோ உலகச் சந்தையின் விலைக்கே விற்கப்படுவது. செலவு உயர்ந்ததென்று விலையை உயர்த்த இயலாது. துணித் தொழிலாளி பெற்ற பாதுகாப்பின் விலையில் ஒரு பகுதியை, அவரை ஒருபோதும் கண்டிராத ஆட்டுப் பண்ணைக்காரர் கொடுத்து வந்தார். வரியைக் குறைத்தால் பண்ணையும் சுரங்கமும் தழைக்கும், துணித் தொழில் சுருங்கும் என்பதும் அதே கணக்கிலிருந்து தெரிந்தது. மறைந்திருந்த பற்றையும் வரவையும் ஒரே ஏட்டில் காட்டியதே அம்மாதிரியின் சிறப்பு.

கணக்கின் எல்லை

ஆயினும், கணிப்பொறி கூறியது என்பதாலேயே எதனையும் வேதவாக்காகக் கொள்ளலாகாது. டிமத்தி கேஹோ என்னும் அமெரிக்கப் பொருளியலார், முன்னர்க் கூறப்பட்ட கணிப்புகளைப் பின்னர் நடந்தவற்றோடு ஒப்பிட்டுத் தணிக்கை செய்தார். ஸ்பெயின் 1986-இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்ததைப் பற்றிய மாதிரி, அவ்வாண்டின் எண்ணெய் விலை வீழ்ச்சி முதலியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது நன்றாகவே பொருந்தியது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளின் 1994-ஆம் ஆண்டு வாணிக உடன்படிக்கையைப் பற்றிய மாதிரிகளோ பெரிதும் தவறின. வாணிகம் அவை சொன்னதைவிட மிகுதியாக வளர்ந்தது. முன்பு சொற்பமாகவே விற்ற பண்டங்களில் வளர்ச்சி மிகுந்திருந்தது. பழைய ஏட்டில் ஏறத்தாழ இல்லாத வரவை அம்மாதிரிகளால் முன்கூட்டிக் காண இயலவில்லை.

மற்றொரு குறையும் உண்டு. நமக்கு அதுவே முக்கியம். பல மாதிரிகளில், ஒரு தொழிலில் வேலை இழந்தவர் வேறொரு தொழிலில் வேலை பெற்றுவிடுவார் என்று கொள்கின்றனர். அதனால் வேலையின்மை என்பது கணக்கிலேயே தோன்றாது. கூலி மட்டுமே மாறும். வேறு சில மாதிரிகளில் கூலியை மாறாததாக நிறுத்தி, வேலையின் எண்ணிக்கை மாறுமென்று கொள்கின்றனர். இத்தேர்வைச் செய்வது கணக்கிடுபவர். அட்டவணை அதைச் சொல்லாது. ஐம்பது வயது வரை தறிக்குழியில் இருந்தவர் அடுத்த மாதமே மோட்டார் பட்டறையில் வேலை பெறுவார் என்று காகிதத்தில் எழுதுவது எளிது. மாதிரி புதிய சமநிலையைக் காட்டும். அதுவரை அந்தக் குடும்பம் எப்படி உண்டது என்பதைக் காட்டாது.

அங்கத்தினர்கள் கேட்க வேண்டியவை

ஆகவே, ஒரு வரியினால் நாட்டுக்கு இவ்வளவு லாபம், இவ்வளவு நஷ்டம் என்று எவரேனும் கூறும்போது, மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும்.

முதலாவது: மொத்தத் தொகை போக, எந்தத் தரத்தாருக்கு எவ்வளவு? நெசவாளர், விவசாயி, ஆலை, வாங்குவோர் என்று தனித்தனியே பிரித்துக் காட்டப்பட்டுள்ளதா?

இரண்டாவது: நெகிழ்ச்சி எண் எங்கிருந்து வந்தது? அதைச் சிறிது மாற்றினாலும் முடிவு நிலைக்கிறதா? 940-க்கும் 985-க்கும் உள்ள வேறுபாடு 45 துணிகளின் கூலியாகும்.

மூன்றாவது: வேலை இழந்தோர் வேறு வேலை பெறுவர் என்று முன்னதாகவே கொள்ளப்பட்டதா?

இவற்றை அடுத்த கூட்டத்தில் விவசாயி அங்கத்தினரும் நெசவாளர் அங்கத்தினரும் ஒன்றாக அமர்ந்து ஆராய்வார்களாக. மேலே கண்ட 100 ரூபாய்க் கணக்கைத் தங்கள் சங்கத்துப் பஞ்சு விலை, நூல் விலை, கூலி ஆகியவற்றைக் கொண்டு மீண்டும் போட்டுப் பார்க்கலாம்; அதற்குக் கணிப்பொறி வேண்டுவதில்லை. வரி வேண்டும், வேண்டாம் என்னும் இரு தீர்மானங்களுக்குப் பதிலாக, வரி இருந்தால் நெசவாளரின் இழப்புக்கு யாது ஈடு, இல்லையேல் விவசாயியின் விலைக்கு யாது காப்பு என்று கேட்கும் ஒரே தீர்மானம் அதிலிருந்து பிறக்கக்கூடும். இரு பக்கமும் பார்த்து எழுதப்பட்ட தீர்மானத்தை ஒதுக்கித் தள்ளுவது எளிதன்று.