உழவு இயந்திரத்தின் கியர் குமிழ் கழலாவிட்டால்

2006இல் சம்பூரை விட்டு வெளியேறிய பல குடும்பங்களுக்கு 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே காணி திரும்பக் கிடைத்தது. இவ்வளவு காலம் வளவில் நின்ற உழவு இயந்திரத்தில், கியர் தடியின் அடியிலுள்ள இறப்பர் உறை பெரும்பாலும் கிழிந்திருக்கும். அதன் வழியே மழைநீர் கியர்பெட்டிக்குள் இறங்கும். புது உறை போடுவதற்கு மேலேயுள்ள குமிழைக் கழற்ற வேண்டும். உப்புக்காற்றில் அது துருவேறி இறுகியிருக்கும்.

அதற்கு முன் ஒன்று. பற்றைக்குள் நிற்கும் வாகனத்தை வெடிபொருள் அகற்றும் குழுவினர் பார்க்கும்வரை நெருங்காதீர்கள். கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

குமிழின் கீழே பூட்டு நட் இருந்தால் தளர்த்துங்கள். சுடுநீரில் நனைத்த துணியைக் குமிழில் பத்து நிமிடம் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் இரும்பைவிடக் கூடுதலாக விரிவதால் பிடி தளரும். தீ காட்டினால் உருகிவிடும். பின்பு மரையில் சிறிது டீசல் விட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் தடியைக் குறட்டால் அசையாமல் பிடித்து, பழைய ரியூப் துண்டைக் குமிழில் சுற்றி, இடஞ்சுழியாகத் திருகுங்கள். தடியைப் பிடிக்காவிட்டால் திருகும் விசை கியர்பெட்டிக்குள் போகும். சுத்தியலால் அடிப்பவர்களும் உண்டு; தடி வளைவதுதான் மிச்சம். எதற்கும் அசையாவிட்டால் இரும்பறுக்கும் வாளால் குமிழை நீளவாக்கில் அறுத்தெடுங்கள், மரையில் வாள் படாமல்.

உறையை மாட்டுமுன் கியர் ஒயிலையும் பாருங்கள். பால்தேநீர் நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது. ஒயிலை மாற்றாமல் பெரும்போக உழவுக்கு இறக்காதீர்கள்.