'டிஸ்க் எரர்' வந்தால் அவசரப்படாதீர்கள்



சென்ற மாதம் ஒரு சகோதரி துணிப்பையில் ஐந்து டிவிடி தட்டுகளுடன் நம் அலுவலகத்துக்கு வந்தார். "காக்கா, இதில் வாப்பாவின் பேச்சு இருக்கிறது. என் நிக்காஹ் அன்று அவர் சொன்ன நஸீஹத். பிளேயரில் போட்டால் எரர் என்று வருகிறது. கடையில் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்கள்" என்றார். அவருடைய வாப்பா மர்ஹூம் ஆகிப் பல வருடங்களாகின்றன. மாப்பிள்ளை சவூதியிலிருந்து கொண்டுவந்த டிவிடி ரிக்கார்டரில், பழைய வீடியோ கேஸட்டுகளைத் தட்டுக்கு மாற்றி வைத்திருந்தார்கள். கேஸட்டுகள் இப்போது இல்லை.

"ரிக்கார்டர் எங்கே?" என்று கேட்டேன். "பரணில் கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போடலாம் என்றிருக்கிறோம்" என்றார். அதை இறக்கி, தூசி தட்டி, அந்தத் தட்டுகளைப் போட்டுப் பார்த்தோம். நான்கு தட்டுகள் ஓடின. வாப்பாவின் குரல் கேட்டது. ஐந்தாவது தட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பல வீடுகளில் இதே நிலைதான் இருக்கும். எனவே எரர் வந்தால் என்ன செய்வது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. குற்றம் தட்டிலா, கருவியிலா?

மூன்று தட்டுகளைப் போட்டுப் பாருங்கள்: கடையில் வாங்கிய படத் தட்டு ஒன்று, முன்பு நன்றாக ஓடிய, வீட்டில் பதிவு செய்த தட்டு ஒன்று, புதிய வெற்றுத் தட்டு ஒன்று. மூன்றும் ஓடவில்லை என்றால் குற்றம் கருவியில். ஒரே ஒரு தட்டு மட்டும் ஓடவில்லை என்றால் குற்றம் அந்தத் தட்டில். பழையவை ஓடி, புதிய தட்டில் பதிவு மட்டும் ஆகவில்லை என்றால், வேறு கம்பெனித் தட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதிலும் ஆகாவிட்டால் லேசர் பலவீனமாகியிருக்கலாம். படிப்பதைவிட எழுதுவதற்கு லேசருக்கு அதிக சக்தி வேண்டும். அதனால் பழைய கருவிகளில் முதலில் நிற்பது பதிவுதான்.

2. ஃபைனலைஸ் செய்தீர்களா?

பெரும்பாலான வீடுகளில் சிக்கல் இங்கேதான். ரிக்கார்டரில் பதிவு செய்த தட்டைக் கடைசியில் 'ஃபைனலைஸ்' செய்து முடிக்க வேண்டும். அப்போதுதான் மற்ற பிளேயர்கள் படிக்கக்கூடிய அட்டவணை அதில் எழுதப்படும். அது இல்லாத தட்டைப் பதிவு செய்த கருவி படித்துவிடும். வேறு பிளேயரோ எரர் என்று சொல்லும். அந்தச் சகோதரியின் நான்கு தட்டுகளும் இப்படிப்பட்டவையே.

தட்டை அதே ரிக்கார்டரில் போட்டு, மெனுவில் ஃபைனலைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். இடையில் மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. இன்வெர்ட்டர் இருந்தால் அதில் இணைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய தட்டில், ஃபைனலைஸ் செய்தபின் மேலும் பதிவு செய்ய முடியாது.

அந்த ரிக்கார்டரே பழுதாகிவிட்டதா? மனம் தளர வேண்டாம். ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளைக் கொண்டு, கணினியின் டிவிடி டிரைவ் வழியாக ஃபைனலைஸ் ஆகாத பல தட்டுகளைப் படிக்க முடியும்.

3. துடைக்கும் முறை

தட்டில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 0.74 மைக்ரான்தான். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் பருமன் என்றால், ஒரு முடியின் அகலத்துக்குள் தொண்ணூறுக்கும் மேற்பட்ட தடங்கள் அடங்கும். ஒரு விரல்ரேகை எவ்வளவை மறைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூக்குக் கண்ணாடி துடைக்கும் மென்மையான துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டமாக விழும் கீறல் ஒரே தடத்தின் மீது நீளமாகப் போவதால், அதைக் கருவியால் சமாளிக்க முடியாது. அழுக்கு போகாவிட்டால் துணியைச் சிறிது தண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம். தின்னர், பெட்ரோல் வேண்டாம். மேல்புறத்தில் காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். தட்டு சமநிலை தவறிச் சுழலும்.

4. தட்டின் வகை

மைனஸ் ஆர், பிளஸ் ஆர், ஆர்டபிள்யூ, ராம் என்று பல வகைகள் உண்டு. எல்லா ரிக்கார்டரும் எல்லாவற்றையும் ஏற்காது. கருவியின் முகப்பில் உள்ள முத்திரைகளைப் பார்த்து வாங்குங்கள். ஆர்டபிள்யூ தட்டுகள் ஒளியைக் குறைவாகவே பிரதிபலிக்கும். பழைய பிளேயர்கள் அவற்றைப் படிக்கத் தடுமாறலாம். தட்டு கெட்டுவிட்டது என்று உடனே முடிவு செய்யாதீர்கள்.

5. கருவியைக் கவனிக்க

மேலே துணி போர்த்தி, பக்கத்தில் செட்டாப் பாக்ஸை அடுக்கி வைத்தால் கருவி சூடேறி எரர் காட்டும். காற்றோட்டம் கொடுங்கள். ஏசி அறையிலிருந்து புழுக்கமான இடத்துக்கு மாற்றினால் லென்ஸில் ஈரம் படியும். ஓரிரு மணி நேரம் கழித்து இயக்குங்கள். லென்ஸ் துடைக்கும் தட்டை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். அடிக்கடி வேண்டாம்.

6. ஐந்தாவது தட்டு

அது ஆர்டபிள்யூ தட்டு. எரர் வந்தபோது, 'ஃபார்மேட் செய்யவா?' என்று ரிக்கார்டர் கேட்டிருக்கிறது. சரியாகிவிடும் என்று நினைத்து வீட்டுப் பிள்ளை 'ஆம்' அழுத்திவிட்டான். ஃபார்மேட் என்றால் அழித்துப் புதிதாக்குவது. பெருநாள் அன்று உம்மா பேரப்பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்த பதிவு அதோடு போய்விட்டது. பிள்ளை மீது குற்றமில்லை. யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

ஆகவே மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள். பதிவு உள்ள தட்டுக்கு ஃபார்மேட் கேட்டால் 'இல்லை' என்றே அழுத்துங்கள். ரிக்கார்டரை விற்பதற்கு முன் எல்லாத் தட்டுகளையும் ஃபைனலைஸ் செய்துவிடுங்கள். பிறகு அவற்றைக் கணினியில் நகலெடுத்து, இரண்டு இடங்களில் வையுங்கள். தட்டிலுள்ள சாயப்பூச்சு வெயிலிலும் வெப்பத்திலும் நாளடைவில் மங்கும். இன்று ஓடும் தட்டு நாளையும் ஓடும் என்று சொல்ல முடியாது.

பெற்றோரின் குரலும் முகமும் அடுத்த தலைமுறைக்கு நாம் சேர்க்க வேண்டிய அமானிதம். இந்த வாரமே பரணைப் பாருங்கள்.

செயலாளர்