மலைப்பாதையில் யாருக்கு முதல் வழி?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

காட்டுப் பாதை ஒன்றை நடப்போர், சைக்கிளில் செல்வோர், குதிரையோடு செல்வோர் ஆகிய மூவரும் பயன்படுத்தினால் அப்பாதைக்கு என்ன நேரும்? யாருக்கு யார் வழிவிட வேண்டும்? மேலைநாடுகளில் இவை பெரும்பாலும் பொழுதுபோக்கைப் பற்றிய கேள்விகள். நம் நாட்டிலோ பிழைப்பைப் பற்றியவையும் ஆகும். இதற்கு வெள்ளகவிப் பாதை நல்ல சான்று.

வெள்ளகவிப் பாதை

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் தொடங்கி, டால்பின் நோஸ் பாறையைக் கடந்து, பெரியகுளம் அருகேயுள்ள கும்பக்கரை அருவிக்கு இறங்கும் பாதை இது. இடையில் உள்ள சிற்றூர் வெள்ளகவி. அரிசியும் பருப்பும் மட்டக்குதிரையின் முதுகில் ஊருக்கு வந்தன. தோட்டத்து விளைச்சலும் அவ்வாறே சந்தைக்குச் சென்றது. நோயாளிகளைக் கம்பில் கட்டிய தூளியில் சுமந்து சென்றனர். அதே தடத்தில் மலையேற்றக்காரர்களும் நடக்கின்றனர். ஊருக்குள் காலணி அணிவதில்லை என்பது அவ்வூர் வழக்கம். ஆகவே நமக்குக் காட்டுவழியாகத் தோன்றுவது அவர்களுக்குத் தெருவாகும்.

மண்ணின் கணக்கு

எடையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும் என்பது பள்ளியில் படித்ததே. குதிரையின் எடையும் சுமையும் சிறிய குளம்புகளில் இறங்குவதால் ஈரமண் பெயர்கிறது. மனிதக் கால் மண்ணை இறுக்குகிறது. இறுகிய மண்ணில் நீர் ஊறாமல் வழிந்தோடும். சைக்கிள் சக்கரமோ நீளமாக ஒரு கோடு கிழிக்கிறது. மழைநீருக்கு அதுவே வாய்க்கால்.

அமெரிக்காவின் மான்டானா மாநில மலைப்பாதைகளில் வில்சன், சினி ஆகிய இருவர் செய்த ஆய்வு 1994-இல் வெளிவந்தது. சக்கரங்களைவிடக் குளம்பும் காலுமே மண்ணை மிகுதியாகப் பெயர்த்தன என்பது அதன் முடிவு.

அப்படியானால் குதிரையைத் தடுத்துவிடலாமா? மண்ணை மட்டும் எண்ணினால் அது சரியாகத் தோன்றும். ஆனால் அக்குதிரை சுமப்பது ஓர் ஊரின் உணவு. உண்மையில் பாதையைக் கெடுக்கும் பெரும் பகை நீரே. குறுக்கே சாய்வாகக் கல் பதித்து நீரைப் பக்கவாட்டில் திருப்பினால், செங்குத்தான இடங்களில் வளைத்து வளைத்துத் தடம் அமைத்தால், அரிப்பு பெரிதும் குறையும். உல்லாசப் பயணத்தை மழைநாளில் நிறுத்தி வைக்கலாம். உணவை நிறுத்தி வைக்க இயலாது.

வழிவிடும் முறை

சைக்கிள்காரர் அனைவருக்கும், நடப்போர் குதிரைக்கும் வழிவிடுவது அமெரிக்கப் பாதைகளில் வழக்கமான விதி. குதிரை எதிர்ப்பட்டால் ஒதுங்கி நின்று மெல்லப் பேச வேண்டும். மனிதக் குரல் கேட்டால் அது மிரளுவது குறையும். நம் பாதைகளுக்கு இன்னொரு விதியையும் சேர்க்கலாம்: சுமையோடு வருபவருக்கே முதல் வழி.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் பலர் உயிரிழந்தனர். அதன்பின் அவ்வாண்டே தமிழக அரசு மலையேற்ற விதிகளை வகுத்தது. சங்கரன்கோவிலுக்கு மேற்கே தெரியும் மலைகளுக்குச் செல்ல விரும்பும் மாணவ நண்பர்களும் வனத்துறையின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும். அங்கே தலைச்சுமையோடு ஒருவர் எதிரே வந்தால், நாம் ஒதுங்கி நிற்பதே நாம் பெற்ற கல்விக்கு அழகு.