மெம்ப்ரேனைத் தாண்டும் உப்பு

நம்பிக்கை: எம்.பி.ஆர். (மெம்ப்ரேன் பயோரியாக்டர்) போட்டுவிட்டால் குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் மினரல் வாட்டர் மாதிரி திரும்பிவிடும்.

உண்மை: பார்க்க அப்படித்தான் இருக்கும். எம்.பி.ஆர். என்பது காற்று ஊதும் தொட்டி. அதில் வளரும் நுண்ணுயிர்கள் சோப்பையும் உடம்பு அழுக்கையும் தின்கின்றன. தொட்டிக்குள்ளேயே முக்கி வைத்த மெம்ப்ரேன் இழைகள் வழியாக மோட்டார் தண்ணீரை உறிஞ்சி எடுக்கிறது. 1989இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கசுவோ யமமோட்டோ குழுவினர் காட்டிய வழி இது. இழையின் துளை பெரும்பாலும் 0.04 முதல் 0.4 மைக்ரான் வரை, ஈ.கோலை பாக்டீரியாவின் நீளமோ 1 முதல் 2 மைக்ரான். ஆகவே கலங்கலும் பாக்டீரியாவும் நின்றுவிடும். கரைந்த உப்பு நிற்காது. அதற்கு ஆர்.ஓ. வேண்டும், அது வேறு கருவி, வேறு செலவு.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு இதுதான் முக்கியம். பாறைப் பூமி; பல ஊர்களில் போர்வெல்லில் வருவதே உப்புத் தண்ணீர். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000. ஏற்கெனவே உப்பான தண்ணீரில் சலவை சோடாவும் துணி பவுடரும் சோடியத்தைக் கூட்டுகின்றன. அதை வருஷக்கணக்கில் தென்னைக்கும் வாழைக்கும் விட்டால் களிமண் இறுகும், மேலே வெள்ளை பூக்கும், தண்ணீர் கீழே இறங்காது.

அதனால் சுத்திகரித்த தண்ணீரைத் தோட்டத்துக்கு முன் கழிப்பறைக்கு விடுங்கள் என்பேன். தேசியக் கட்டட விதித் தொகுப்பு கழிப்பறைக்கு மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் கணக்கிடுகிறது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் விடுதிப் பள்ளிகள் நிறைய. 500 பிள்ளைகள் தங்கும் விடுதியில் அது 22,500 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஏறக்குறைய இரண்டு நடை. கோடையில் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நம்பிக்கை: குளித்த தண்ணீரில் கிருமி கிடையாது, தேக்கி வைத்துக்கூடப் பயன்படுத்தலாம்.

உண்மை: உடம்பிலிருந்தும் குழந்தைத் துணியிலிருந்தும் மலக்கிருமி அதில் வரும். ஒரு நாளுக்கு மேல் தேங்கினால் கறுத்து நாறும்.

நம்பிக்கை: ஒரு தடவை மாட்டினால் பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

உண்மை: தினமும் பார்க்க வேண்டும். தலைமுடியும் துணி நூலும் இழைகளில் கயிறாகச் சுற்றிக்கொள்ளும். முன்னால் நுண்ணிய சல்லடை இல்லாவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. சமையலறை எண்ணெய் துளையை அடைக்கும். அவ்வப்போது ஹைப்போகுளோரைட்டாலும் சிட்ரிக் அமிலத்தாலும் கழுவ வேண்டும். நீண்ட நேரம் கரண்ட் போய் ப்ளோயர் நின்றால் நுண்ணுயிர்கள் மூச்சுமுட்டும்.

விடுதிக்கு இன்னொரு சிக்கல் உண்டு, விற்பவர்கள் பெரும்பாலும் சொல்லாதது. கழிவுநீரின் நைட்ரஜனில் பெரும்பகுதி சிறுநீரிலிருந்து வருகிறது. குளித்த தண்ணீரில் அது குறைவு, நுண்ணுயிர்களுக்குச் சத்து பற்றாது. கொஞ்சம் யூரியா கரைத்து ஊற்ற வேண்டிவரும். மே மாதம் பிள்ளைகள் ஊருக்குப் போனதும் சலதாரை வறண்டு, தொட்டிக்கு இரையே இருக்காது. ஊதும் காற்றைக் குறைத்து, ஜூனில் சாணக் கரைசலும் வெல்லமும் போட்டு மறுபடி உயிரூட்ட வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்க முடியாத நிர்வாகம் இதை வாங்கவே வேண்டாம்.

நம்பிக்கை: தனி வீட்டுக்கும் இது வேண்டும்.

உண்மை: வேண்டாம். குளியலறைத் தண்ணீரைக் கல்வாழைப் பாத்தியில் விட்டு மண்ணே வடிகட்டும் முறையைச் சென்னையில் இந்துகாந்த் ராகடே வெகுகாலம் எடுத்துச் சொன்னார். கொல்லையில் இடம் இருந்தால் அது போதும். துணி துவைத்த தண்ணீரை மட்டும் அதில் சேர்க்காதீர்கள்.

அடுக்குமாடியோ விடுதியோ கட்டுபவர்கள், சுவர் எழும்பும்போதே கழிப்பறைக்குத் தனிக் குழாயும் தனி மேல்தொட்டியும் வைத்துவிட வேண்டும். அந்தக் குழாய்க்கு வேறு நிறம் கொடுங்கள். குடிநீர்க் குழாயோடு எங்கும் இணையவே கூடாது.