பனிக்காலத்தில் ஃபர்னஸ் சூடு தரவில்லையா?

கனடாவின் பனிக்காலத்தில், ஃபர்னஸ் எனப்படும் எரிவாயு வெப்பமூட்டி சூடு தர மறுத்தால், பழுதுபார்ப்பவரை அழைக்கும் முன் கீழ்க்கண்டவற்றைச் சோதிக்கவும்.

1. அறை வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ‘ஹீட்’ நிலையில் உள்ளதா எனப் பார்த்து, திரை மங்கியிருந்தால் பேட்டரியை மாற்றவும். அது இயங்காவிடில் ஃபர்னஸுக்குக் கட்டளையே செல்லாது.

2. ஃபர்னஸின் மின்சுவிட்சை அணைத்துவிட்டு, காற்றிலுள்ள தூசியைத் தடுக்கும் ஃபில்டரை உருவி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒளி ஊடுருவாத அளவுக்குச் சாம்பல் நிறத் தூசி அப்பியிருந்தால் புதியதைப் பொருத்தவும். காற்றோட்டம் குறைந்தால் உள்ளே வெப்பம் மிகுந்து, பாதுகாப்புச் சுவிட்ச் எரிப்பானை அணைத்துவிடும். பலரும் மாதக்கணக்கில் மறந்துவிடும் பகுதி இதுவே.

3. ஃபர்னஸின் கதவை இறுக மூடி, மின்சுவிட்சை மறவாமல் மீண்டும் போடவும். கதவு சரியாகப் பொருந்தாவிடில் மின்சாரம் துண்டிக்கப்பட்டே இருக்கும்.

4. உயர்திறன் ஃபர்னஸாயின், வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குழாய்களின் வாயை மூடிய பனியைக் கையால் அகற்றவும். புகை வெளியேற வழியின்றேல் எரிப்பான் பற்றாது.

எரிவாயு வாடை வீசினாலோ, மணமற்ற நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடை உணரும் கருவி ஒலித்தாலோ, எந்தச் சுவிட்சையும் தொடாமல் அனைவரும் உடனே வெளியேறி, வெளியிலிருந்தே அவசர உதவியை அழைக்கவும்.