மூன்றாம் வாரத்தில் மடியும் ஏடு

நான் படிப்பது இயந்திரப் பொறியியல். எங்கள் துறையில் பாகங்களைத் தனித்தனியாகச் செய்து, கடைசியில்தான் பூட்டுவோம். நம் உடம்பு உருவாகும் விதமே வேற. ஒரு தட்டையான ஏடு, அடுக்கடுக்காகி, மடிந்து, குழாயாகி உடம்பாகிறது.

கருத்தரித்து இரண்டு வாரத்தில் கரு ஒரு சின்னஞ்சிறு தட்டு மாதிரி இருக்கும். மூன்றாம் வாரத் தொடக்கத்தில் அதன் மேல்பக்கம் மெல்லிய கோடு ஒன்று தோன்றும். மேலே இருக்கும் செல்கள் அந்தக் கோட்டை நோக்கி நகர்ந்து உள்ளே இறங்கும். முதலில் இறங்குபவை அடியில் படியும். அடுத்தவை நடுவில் பரவும். இறங்காதவை மேலேயே தங்கும். மூன்று அடுக்கும் ரெடி! இதற்குப் பெயர் கேஸ்ட்ருலேஷன்.

• மேல் அடுக்கு: மேல்தோல், முடி, மூளை, நரம்புகள்
• நடு அடுக்கு: எலும்பு, தசை, இதயம், இரத்தம், சிறுநீரகம்
• அடி அடுக்கு: குடல், நுரையீரல் ஆகியவற்றின் உட்சுவர், கல்லீரல், கணையம்

தோலும் மூளையும் ஒரே அடுக்கா என்று கேட்பீர்கள். ஆமாம். மேல் அடுக்கின் நடுப்பகுதி பள்ளமாகி, இரண்டு ஓரமும் எழுந்து ஒட்டிக்கொண்டு குழாயாகிறது. அந்தக் குழாய்தான் பிறகு மூளையும் தண்டுவடமும் ஆகிறது.

எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. அப்படியென்றால் எந்தச் செல் என்னவாக வேண்டும் என்று யார் சொல்வது? 1924-இல் வெளியான ஆய்வில் ஜெர்மனியின் ஹான்ஸ் ஸ்பீமானும் ஹில்டே மாங்கோல்டும் இதற்கு விடை தேடினார்கள். பல்லி போலத் தோன்றும் நியூட் என்ற நீர்நில உயிரியின் கருவை எடுத்துக்கொண்டார்கள். செல்கள் உள்ளே இறங்கும் இடத்தின் மேல் விளிம்பை வெட்டி, இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டினார்கள். அங்கே இரண்டாவது உடல் வளர ஆரம்பித்தது! அதன் நரம்புக் குழாயில் பெரும்பகுதி, ஒட்டப்பட்ட கருவின் சொந்தச் செல்களால் ஆனது. வயிற்றுத் தோலாக வேண்டிய செல்கள், பக்கத்தில் வந்தவர் கொடுத்த சைகையால் நரம்பாகிவிட்டன. ஸ்பீமானுக்கு 1935-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் நமக்கு என்ன? அந்த நரம்புக் குழாய் ஏறக்குறைய 28-ஆம் நாளுக்குள் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் குழந்தையின் தண்டுவடமோ மூளையோ பாதிக்கப்படும். ‘நாள் தள்ளிப்போச்சே’ என்று கிளினிக் போவதற்குள் பலருக்கு இந்த வேலை முடிந்தே போயிருக்கும். அதனால்தான் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே எடுக்கச் சொல்கிறார்கள். எல்லா ஆபத்தையும் அது தடுத்துவிடாது. ஆனால் நன்றாகவே குறைக்கும்.

வீட்டில் குழந்தைக்குத் திட்டமிடும் அக்காவோ அண்ணியோ இருந்தால், இப்போதே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.