நீற்றறையில் நாவுக்கரசர்

திருநாவுக்கரசர் கி.பி. 7ஆம் நூற்றாண்டினர், திருவாமூரில் பிறந்தவர். இளமையில் பெற்றோரை இழந்தவரைத் தமக்கை திலகவதியார் காத்து வளர்த்தார். சமணம் சார்ந்து தருமசேனர் என விளங்கியவர், சூலை நோயால் வருந்தித் திருவதிகையிலிருந்த தமக்கையை அடைந்து மீண்டும் சைவரானார்.

இதனால் சினங்கொண்ட பல்லவ மன்னன் அவரை அழைத்துவர ஆளனுப்பினான். (அவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பர்.) நாவுக்கரசரிடம் படையில்லை, துணையில்லை. எனினும், தாம் இறைவனுக்கே ஆட்பட்டவர் என்று கூறி வர மறுத்தார். உயிர்பிழைப்போம் என்னும் உறுதி எதுவும் அப்போது அவருக்கு இல்லை. பின்னர் நிகழ்ந்தனவாகக் கூறப்படும் அற்புதங்களினும் இம்மறுப்பே வியப்புக்குரியது.

இதன்பின் நடந்தவற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுகிறார். நாவுக்கரசர் ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் அடைக்கப்பட்டார். அனல் சூழ்ந்த அவ்விடத்தில் அவர் பாடிய பதிகமோ குளிர்ச்சியில் தொடங்குகிறது. இறைவனின் திருவடி நிழலுக்கு வீணையின் இசையும், மாலை நிலவும், தென்றலும், இளவேனிலும், வண்டொலிக்கும் குளமும் உவமைகளாகின்றன. தென்றல் தெற்கிலிருந்து வீசும் இளங்காற்று. வடநாட்டுக் கோடையில் 'லூ' என்னும் அனற்காற்றை அறிந்த மாணவர்க்கு இவ்வுவமையின் அருமை எளிதில் விளங்கும்.

நஞ்சும் யானையும் அவரைக் கொல்லவில்லை. இறுதியில் கல்லோடு பிணித்துக் கடலில் எறிந்தனர். ஐந்தெழுத்தைப் போற்றிப் பாடிய அவர், அக்கல்லே தெப்பமாக மிதக்க, திருப்பாதிரிப்புலியூர் அருகே கரையேறினார். அவ்வூர் இன்று கடலூர் நகரின் ஒரு பகுதி.

சொற்பொருள்: நீற்றறை – சுண்ணாம்புக் காளவாய்; சூலை – கொடிய வயிற்றுவலி; தமக்கை – அக்கா.

வினா: மன்னனின் அழைப்பை மறுத்தபோது நாவுக்கரசரின் நிலை யாது?